‘ஒதுக்கப்பட்டார்’ என்ற தலைப்பு குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் செய்திகளுக்கெல்லாம் கீழே, நான்கு விரற்கடை அளவில் ஒரு செய்தி வந்திருந்தது. அமெரிக்க பேஸ்பால் வீரர் ஒருவர், தாம் வழக்கமாக ஆடிவந்த இடத்தை விட்டு வேறோர் இடத்தில் ஆடத் தொடங்கி, முடிந்துவிட்டது என்று பலரும் கருதிய தம் ஆட்ட வாழ்க்கையை மீட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அச்செய்தி. செய்தியில் குறையில்லை. ஆனால் அதன் தலைப்பு, பழைய இடத்திலிருந்து அவர் ‘ஒதுக்கப்பட்டார்’ என்று சொன்னது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ஒரு சொல் எங்கள் பக்கத்துத் திடல்களில் எத்தனை பிள்ளைகளின் ஆட்டத்தை முடித்துவைத்திருக்கிறது என்பதை அறிவேன். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பேஸ்பால் நம் வாசகர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாத ஆட்டம்; பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு மட்டும் அதன் போக்கு ஓரளவு பிடிபடும். அணிக்கு ஒன்பது பேர். பந்தை எறிபவர் பிட்சர்; அவர் கிரிக்கெட்டில் போல ஓடிவந்து தரையில் குத்தி எழுப்புவதில்லை, ஒரு சிறு மேட்டின்மேல் நின்றுகொண்டு 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் இருக்கும் அடிப்பவரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட ஒரு கற்பனைச் சட்டத்துக்குள் பந்தை நேராகச் செலுத்த வேண்டும். எல்லைப் பகுதியில் நின்று உயரப் பந்துகளைப் பிடித்து, ஓடுபவரை மடக்க நெடுந்தூரம் எறிபவர்கள் அவுட்ஃபீல்டர்கள். இருவரும் ஒரே சட்டையைத்தான் அணிகிறார்கள் என்றாலும் செய்கிற வேலை வேறு, பயிற்சி வேறு, அணி அவர்களிடம் எதிர்பார்ப்பதும் வேறு. அந்நாட்டில் ஒருவர் பிட்சர் வேலையை விட்டு அவுட்ஃபீல்டராவது, இங்கே நாதஸ்வரம் வாசித்தவர் இருபத்தைந்தாம் வயதில் தவிலைத் தோளில் மாட்டிக்கொள்வதற்கு ஒப்பானது.

அப்படி மாறியவர்களில் என் மனத்தில் நிற்பவர் ரிக் ஆன்கீல். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி 1997-இல், அவர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, 25 லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. இடக்கைப் பிட்சர். 2000-ஆம் ஆண்டில், இருபத்தோரு வயதில், 11 ஆட்டங்களை வென்று 194 பேரை எறிந்தே வெளியேற்றினார். அந்த ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, அட்லாண்டா அணிக்கு எதிரான இறுதிக்கட்டத் தொடரின் முதல் ஆட்டத்தில், மூன்றாவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது சுற்றுகள்; ஒவ்வொன்றும் ஓர் இன்னிங்ஸ்) அவருடைய கை திடீரென்று அவர் சொல் கேட்க மறுத்துவிட்டது. ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகள், அடிப்பவருக்குப் பின்னால் அமர்ந்து பிடிக்கும் கேட்சரின் கைக்கு எட்டாமல் போயின. 1890-க்குப் பிறகு பெரிய அணிகளின் பேஸ்பாலில் அப்படி நடந்ததே இல்லை. காயம் ஒன்றுமில்லை. தோளும் முழங்கையும் நன்றாகவே இருந்தன. ஆனால் முந்தின வாரம் வரை கண்ணை மூடிக்கொண்டு செய்த ஒன்றை அவரால் செய்ய முடியவில்லை. மறு ஆண்டு கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பப்பட்டார். 2003-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. 2004-இல் சில ஆட்டங்களுக்கு மட்டும் திரும்பிவந்தார். 2005 மார்ச்சில், இனிப் பந்து எறியப்போவதில்லை, அவுட்ஃபீல்டராக ஆடிப் பார்க்கிறேன் என்று அறிவித்தார்.

இங்கேதான் நம் ஊர் வாசகர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் மாறியதும் வென்றுவிடவில்லை. நேற்றுவரை பெரிய அணியில் ஆடியவர், பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஆடும் கீழ்நிலை அணியில் பேருந்துப் பயணம் செய்து ஆடினார். 2006 முழுவதும் முழங்கால் காயத்தில் போனது. 2007-இல் மெம்ஃபிஸ் நகரத்துத் துணை அணியில் 32 ஹோம் ரன்கள் (நம் சிக்ஸர் போல, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்த பிறகுதான், ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அவரை மீண்டும் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார்கள். அன்று சான் டியேகோ அணிக்கு எதிராக, மூன்று ரன் தரும் ஒரு ஹோம் ரன் அடித்தார். மறு ஆண்டு மே மாதம் டென்வரில் நடந்த ஓர் ஆட்டத்தில், மைதானத்தின் நடுப்பகுதி எல்லையிலிருந்து ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது பேஸுக்கு, ஏறக்குறைய 300 அடி தூரம், பந்து தரையில் படாமல் எறிந்து ஓடுபவரை மடக்கினார். அதே ஆட்டத்தில் அதை இரண்டு முறை செய்தார். அறுபது அடியில் நேராகப் போட முடியாத கை அது. ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 76 ஹோம் ரன்கள் இருந்தன. (2004-இல், மருத்துவரின் பரிந்துரையில், அப்போது அந்த ஆட்டத்தில் தடைசெய்யப்படாத வளர்ச்சி ஹார்மோனை அவர் பெற்றார் என்று பின்னர் ஒரு செய்தி வந்து பெயருக்குக் கொஞ்சம் மாசு ஏற்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்ட நிர்வாகம் அதை விதிமீறலாகக் கொள்ளவில்லை.)

டென்வரில் எறிந்த அந்த இரண்டு பந்துகளையும் என் மகன் ஒருநாள் கைப்பேசியில் காட்டினான். பார்த்துவிட்டு வெகுநேரம் நான் பேசவில்லை. எனக்கு நினைவு வந்தது 1996-ஆம் ஆண்டு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியின் வேகப்பந்து வீச்சாளன்.

கோரையாற்றுக் கரைக் கிராமத்துப் பையன், பதினொன்றாம் வகுப்பு. டென்னிஸ் பந்தில் தொடங்கி, பிறகு கார்க் பந்துக்கு வந்தவன். அவன் வேகத்துக்கு அஞ்சி, வெளியூர்ப் பிள்ளைகள் தலைக்கவசம் கேட்ட காலம் உண்டு; அந்நாளில் எங்கள் யாரிடமும் தலைக்கவசம் கிடையாது. ஒருநாள், பள்ளிகளுக்கிடையிலான ஆட்டத்தில், பந்தை அவனால் தரையில் போட முடியவில்லை. ஒன்று விக்கெட் கீப்பரின் தலைக்கு மேல், அடுத்தது ஸ்லிப்பில் நிற்பவனின் காலடியில், அதற்கடுத்தது தன் காலடியிலேயே. ஓர் ஓவரை முடிக்கப் பதினான்கு பந்துகள் ஆயின. நான் திடலுக்குள் நடந்துபோய், இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கேட்க, இங்கே எழுதத் தகாத சொற்களால் அவனைத் திட்டினேன். பிறகு தண்டனையாக எல்லைக்கோட்டுக்கு அனுப்பினேன். அங்கிருந்து அவன் அன்று இரண்டு பேரை ரன் அவுட் ஆக்கினான். இரண்டு முறையும் பந்து விக்கெட் கீப்பரின் மார்புக்கு நேராக, நூல் பிடித்ததுபோல வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், பந்து போட வராத கையால் அங்கிருந்து எப்படி எறிய வருகிறது என்ற கேள்வி எனக்கு எழவில்லை. அவனை வேகப்பந்து வீச்சாளன் என்று பட்டியலில் எழுதியிருந்தேன். அது வரவில்லையென்றால் அவனுக்கு அணியில் இடம் இல்லை, அவ்வளவுதான் என் கணக்கு. அடுத்த ஆட்டத்துக்கு அவன் பெயரை எடுத்துவிட்டேன். பொங்கலுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவன் இந்தியாவுக்கு ஆடியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. வயதான ஆசிரியர்கள் அப்படிக் கதை கட்டுவது உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவன் இன்னும் ஓராண்டு ஆடியிருப்பான், பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பான். என் வருத்தம் அவ்வளவுதான்.

இடம் மாறி மேலே போனவர்களுக்குப் பேஸ்பாலிலும் பஞ்சமில்லை, நம் கிரிக்கெட்டிலும் பஞ்சமில்லை. ட்ரெவர் ஹாஃப்மன் ஷார்ட்ஸ்டாப் என்ற உள்வட்டக் காவலராக ஆடத் தொடங்கி, அடிப்பது வராமல் போகவே பிட்சராக மாற்றப்பட்டார். முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் வந்து காத்துக்கொடுக்கும் வேலையில் 601 முறை வென்று அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். ராபின் யவுண்ட் ஷார்ட்ஸ்டாப்பாக 1982-இலும், தோள் காயத்தால் வெளிவட்டத்துக்குப் போன பிறகு 1989-இலும், ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர். நம் பக்கம் ரவி சாஸ்திரி 1981-இல் சுழற்பந்து வீச்சாளராக வந்து பத்தாவதாக மட்டை பிடித்தவர். 1992 ஜனவரியில் சிட்னியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 206 ரன் எடுத்தார். 537 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த நம் அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். வருண் சக்கரவர்த்தி பள்ளிக்காலத்தில் விக்கெட் கீப்பர். ஆட்டத்தை விட்டுக் கட்டடக் கலை படித்து, திரும்பிவந்து மிதவேகப் பந்து வீசி, முழங்கால் காயத்துக்குப் பிறகு சுழற்பந்துக்கு மாறியவர். 2025 மார்ச்சில் துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்ததை எல்லாரும் பார்த்தோம். இவர்களைப் பற்றி எழுதும்போது நம் நாளிதழ்கள் எதுவும் ‘ஒதுக்கப்பட்டார்’ என்று எழுதுவதில்லை. வென்று முடித்த பிறகு அது ‘மறுபிறவி’ ஆகிவிடுகிறது. மாறுகிற அந்த நேரத்தில் என்ன சொல்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நான் பிற்காலத்தில் கொஞ்சம் திருந்தினேன் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளி வாலிபால் அணியின் உயரமான பெண் ஒருத்தி இருந்தாள். வலைக்கு மேல் எழும்பி ஸ்மாஷ் அடிப்பதில் 14 வயதுப் பிரிவில் அவளுக்கு நிகர் இல்லை. சில பிள்ளைகள் மற்றவர்களுக்கு முன்பே வளர்ந்து, சீக்கிரமே நின்றுவிடுவார்கள். இந்தப் பெண்ணும் அப்படித்தான். 17 வயதுப் பிரிவுக்கு வந்தபோது கூட இருந்தவர்கள் எல்லாரும் அவளைவிட அரையடி உயர்ந்துவிட்டார்கள். அவள் அடித்த பந்துகள் எல்லாம் தடுப்பவர்களின் கையில் பட்டுத் திரும்பின. பயிற்சிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர்தான், “சார், அவள் அடிப்பதைப் பார்க்காதீர்கள்; விழுகிற பந்தை எடுப்பதைப் பாருங்கள்” என்றார். அவளை லிபரோ ஆக்கினோம். 1998-இல் உலக வாலிபால் கூட்டமைப்பு கொண்டுவந்த இடம் அது: பின்வரிசையில் மட்டும் நின்று எதிரணி அடிக்கும் பந்துகளை எடுத்துக்கொடுப்பவர், வலைக்கு மேல் அடிக்கவும் கூடாது, தடுக்கவும் கூடாது, மற்றவர்களிலிருந்து வேறுபட்ட நிறத்தில் சட்டை அணிய வேண்டும்.

அந்தச் சட்டைதான் வீட்டில் பிரச்சினை ஆயிற்று. அவள் தாயார் நடவு வேலையிலிருந்து சேற்றுக் காலோடு பள்ளிக்கு வந்து, “எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சட்டை, எம்பொண்ணுக்கு மட்டும் ஏன் சார் வேற சட்டை? என்ன தப்பு செஞ்சா அவ?” என்று கேட்டார். விதியை எடுத்துச் சொன்னேன். அவர் முழுவதும் நம்பவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துவந்து திருப்பிக் கொடுத்தார். ஒதுக்குவது என்ற சொல்லுக்குத் தமிழில் ஓரமாகத் தள்ளுவது என்றும் பொருள் உண்டு, ஒருவருக்கென்று இடம் எடுத்துவைப்பது என்றும் பொருள் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அமெரிக்காவில் பணம் இருக்கிறது, நான்கைந்து படிநிலைகளில் துணை அணிகள் இருக்கின்றன, ஆகவே காத்திருக்க முடிகிறது. இங்கே அது நடக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 25 லட்சம் டாலரை முதலில் போட்ட அணி, அந்த முதல் வீணாகக் கூடாது என்றுதான் ஏழு ஆண்டுகள் பொறுத்தது. அன்பு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையின் மேல் யாரும் முதல் போடவில்லை, ஆதலால் அவனுக்காகக் காத்திருப்பவரும் இல்லை. குறுவட்டப் போட்டியில் ஒரு காலை நேரம். அதில் வந்தால் மாவட்டம், வராவிட்டால் வீடு. ஆனால் ஆன்கீலின் கதையில் பணம் சம்பந்தப்படாத ஒரு பகுதியும் இருக்கிறது. 2000-இல் அந்தக் கொடுமையான நாளில் அவரை எறிய அனுப்பிய மேலாளர் டோனி லா ரூசா. 2007-இல் அவர் திரும்பி வந்த நாளிலும் அதே லா ரூசாதான் அணியின் மேலாளர். பிள்ளையைச் சிறுவயதிலிருந்து பார்த்த கண் ஒன்று கடைசிவரை கூட இருந்தது. இங்கே ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் இரண்டு மூன்று உடற்கல்வி ஆசிரியர்கள் மாறிப் போகிறார்கள். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது பழைய பட்டியல் மட்டும்தான். அதில் பெயருக்கு எதிரே, கபடி என்றால் ‘ரைடர்’ என்றோ, கிரிக்கெட் என்றால் ‘வீச்சாளர்’ என்றோ ஒரு சொல் இருக்கும். அந்தப் பிள்ளை எல்லைக்கோட்டிலிருந்து எப்படி எறிந்தான் என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது.

இன்னொன்று. புதிய இடத்துக்கான பயிற்சி, பழைய இடத்தில் ஆட்டம் முடிந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் பிந்திவிடும். நம் பக்கத்தில் சம்பா அறுத்து முடித்து, வயலைக் காயவிட்டு, அதன் பிறகா உளுந்து போடுகிறோம்? அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நெற்கதிர் நிற்கும்போதே, கால் பதியும் ஈரத்தில் தெளித்துவிடுகிறோம். நெல் போனதும் கீழே உளுந்து முளைத்து நிற்கிறது. ஆன்கீல் பிட்சராக இருந்த 2000-லேயே இரண்டு ஹோம் ரன்கள் அடித்திருந்தார்; 2001-இல் கீழ்நிலை அணியில் எறிந்துகொண்டிருந்தபோதே, எறியாத நாட்களில் மட்டை பிடித்துப் பத்து ஹோம் ரன்கள் அடித்தார். விதை அப்போதே விழுந்துவிட்டது. நம் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு நாள், கபடியில் ரைடரைப் பிடிப்பவர் நிற்கும் கார்னரிலும், கார்னரில் நிற்பவனைப் பாடிப் போகவும், வாலிபாலில் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டரைப் பின்வரிசையிலும் ஆடவிட்டுப் பார்ப்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் திடலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது வேறு ஆட்டம் ஆட வழியில்லாமல் சும்மா இருக்கிறோமே, அந்நாட்களில் பள்ளி வராந்தாவில்கூட இதைச் செய்யலாம். வெற்றிக்கு ஆட வேண்டிய நாளில் இடம் மாற்றுவது வேறு. அது பிள்ளையையும் கெடுக்கும், அணியையும் கெடுக்கும். ஆசிரியரின் விருப்பத்துக்கெல்லாம் பிள்ளைகளைப் பம்பரமாகச் சுற்றவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு இந்தக் கடிதத்தைச் சான்றாக யாரும் காட்ட வேண்டாம்.

மாவட்டத் தேர்வுகளை நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. தாம் எழுதிய இடத்தில் ஒரு பிள்ளை சரியாக ஆடவில்லையென்றால், அவன் பெயரை அடிப்பதற்கு முன்னர், வேறு எந்த இடத்தில் ஆடியிருக்கிறாய் என்று கேட்டு, பத்து நிமிடம் அங்கே ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து வரும் பட்டியலிலும் இரண்டாவது இடம் என்று ஒரு கட்டம் இருந்தால் போதும். பதினைந்து வயதில் எந்தப் பிள்ளைக்கும் எது வரும் என்று யாரும் முடிவாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று முப்பது ஆண்டுகள் நடித்தவன் நான்.

1996-இல் நான் திட்டி அனுப்பிய பையன் திருப்பூரில் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது மன்னார்குடிப் பக்கத்தில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் இன்றும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, “சார்” என்று கும்பிடுகிறார். அன்று நடந்ததை அவர் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான், அப்பாவைப் போலவே வேகமாகப் பந்து போடுகிறான். குறுவட்டப் போட்டிக்குப் பள்ளியில் பெயர் எழுதுகிறார்கள், பையனுக்கு என்ன போடச் சொல்வது என்று சென்ற மாதம் கடைத்தெருவில் என்னைக் கேட்டார். வீச்சாளர் என்றே எழுதச் சொல்லுங்கள் தம்பி, ஆனால் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

இக்கடிதத்தை வெளியிடுவதானால், இதில் வரும் பிள்ளைகளை ஊரார் அடையாளம் கண்டுகொள்ளாதிருக்க, என் பெயரையும் பள்ளியின் பெயரையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.